எச்-இன்டெக்ஸ் 14-ஆ, 9-ஆ?

உங்கள் எச்-இன்டெக்ஸை கூகுள் ஸ்காலர் 14 என்கிறது, ஸ்கோப்பஸ் 9 என்கிறது, விண்ணப்பத்தில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எச்-இன்டெக்ஸ் 9 என்றால், தலா 9 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களுக்கு 9 உண்டு என்று அர்த்தம். ஸ்காலரும் ஸ்கோப்பஸும் அந்த மேற்கோள்களை எண்ணும் இணையத் தளங்கள். இரண்டுமே பொய்யில்லை. ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு என்று கண்ணில் பட்டதில் வரும் மேற்கோளையெல்லாம் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளோடு நின்றுவிடும்.

ஆனால் முதலில் ஸ்கோப்பஸில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டிருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் முளைத்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. நாலு கட்டுரைகள் வேறொரு பக்கத்தில் அனாதையாகக் கிடந்தன. இணைக்கச் சொல்லி அங்கேயே கோரிக்கை கொடுக்கலாம், காசு கிடையாது. ஆய்வாளரைப் பெயர்க் குழப்பமில்லாமல் அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் இல்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஸ்காலரில் இதற்கு நேர்மாறு: அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் புகுந்திருக்கும். நீக்கிவிடுங்கள், தேர்வுக் குழு கண்டுபிடித்தால் மானம் போகும்.

சரி, எதைப் போடுவது? குழு குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் இரண்டையும், பார்த்த தேதியோடு. அப்புறம், 200 மேற்கோள் பெற்ற கட்டுரையும் எச்-இன்டெக்ஸில் ஒரே ஒரு கட்டுரைதான். அப்படி ஒன்று இருந்தால், அதில் உங்கள் பங்கு என்ன என்று தனியே இரண்டு வரி எழுதுங்கள்.