விசுவாசம் இருந்தால் பணமில்லாமலும் மனநிறைவு வருமா?

தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கடனோடு வாழ்பவரிடம் இப்படிச் சொல்வது ஏமாற்று வேலையில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் வாயில் அது ஏமாற்றுதான்.

ஆனால் பவுல் சிறையிலிருந்து எழுதியதைப் பாருங்கள்: 'எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' (பிலிப்பியர் 4:11). கற்றுக்கொண்டேன் என்கிறார். பிறவிக் குணமல்ல, பழகியது. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று அடுத்த வசனத்தில் சேர்க்கிறார். பணம் வந்தாலும் போனாலும் கிறிஸ்து போகமாட்டார் என்ற நம்பிக்கைதான் அதன் வேர். அதே கடிதத்தில், பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு நன்றியும் சொல்கிறார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மா, மாலை ஜெபத்தில் அட்டை கடிக்காத காலுக்காகக்கூட நன்றி சொல்வார். (கடித்த நாட்களில் அந்த வரியை விட்டுவிடுவார்.) அடுத்த வீட்டு நகையைப் பார்த்து அவர் ஏங்கியதில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையை விடமாட்டார். இதில் முரண் இல்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனதுகூட பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய பிறகுதான்.