முழு வேகத்தில் மட்டும் நின்றுபோகும் எஞ்சின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் ஃபைபர் படகில் இருப்பது 40 குதிரைசக்தி, இரண்டு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வகை அவுட்போர்டு எஞ்சின். பினாங்கில் பத்து மூசாங் ஜெட்டியிலிருந்து பூலாவ் அமான் தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போவேன். மெதுவாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. பட்டறையில் பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு அதே கதை. புது எஞ்சின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், புக்கிட் தம்பூன்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்ரோல் வரத்து. கழுவியதும் சில நாள் சரியாகிறது என்றால், அழுக்கு கார்புரேட்டருக்கு முன்னாலேயே, டாங்கிலோ குழாயிலோ இருக்கிறது. அதை விட்டுவிட்டு எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குப் போகும் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. திணறும் எஞ்சினை முழு திராட்டலில் விரட்டினால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். சில நூறு வெள்ளியில் முடிய வேண்டிய வேலை சில ஆயிரத்துக்குப் போவது இப்படித்தான். திணறியதும் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்த முறை திணறும்போது ஒருவர் படகை ஓட்டட்டும், இன்னொருவர் பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப்பைப் பார்க்கட்டும். அது ஒட்டிச் சப்பையாகி இருந்தால் டாங்க் பக்கம் அடைப்பு. எஞ்சின் உறிஞ்சுகிறது, பெட்ரோல் வரவில்லை. உடனே டாங்க் மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால், காற்றுத் துவாரம்தான் குற்றவாளி. கையில் தூக்கும் டாங்கில் மூடி மேலிருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறப்பவர்கள் அதிகம். படகோடு பொருத்திய டாங்க் என்றால், பக்கவாட்டில் இருக்கும் காற்றுக்குழாய் வாயைப் பாருங்கள். சில வாரம் படகு சும்மா கிடந்தாலே குளவி அதில் மண்கூடு கட்டிவிடும். வெளியிலிருந்து குத்தினால் மண் உள்ளே தள்ளப்படும். குழாயைக் கழற்றி எதிர்ப்பக்கமாக ஊதி எடுங்கள்.

காற்றுத் துவாரம் சரி, ஆனாலும் பம்ப் ஒட்டுகிறது என்றால், டாங்க் உள்ளே உறிஞ்சுகுழாயின் நுனியில் இருக்கும் சல்லடை, அடுத்து குழாய். பழைய குழாயின் உள்தோல் உரிந்து தொங்கும். மெதுவாகப் போகும்போது வழிவிடும், வேகமாக உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதிதாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் வெட்டிப் பாருங்கள்.

பம்ப் ஒட்டாமல் தொளதொள என்று இருக்கிறது, கையால் அமுக்கினால் எஞ்சின் உயிர் பெறுகிறது என்றால் இரண்டே காரணம்: எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வு பழுது. இரண்டையும் பிரிக்க, எஞ்சினுக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, பெட்ரோலைத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் சோதனைக்காக மட்டும் பொருத்துங்கள். குமிழிகள் ஓடினால் காற்று வருகிறது. குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையத்தையும் கிளிப்புகளையும் மாற்றுங்கள். குமிழி இல்லை என்றால் சவ்வை மாற்றுங்கள். சோதனை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். நிரந்தரமாக விட்டால் வெயிலில் வெடித்துக் கசியும்.

பம்ப் நிறைந்து கெட்டியாக இருந்தும் எஞ்சின் நிற்கிறதா? அப்போதுதான் கார்புரேட்டரையும் மின்பொறியையும் பார்க்க வேண்டும். சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் சரியாகும் இக்னிஷன் காயிலும், பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியும் உண்டு. நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறிச்சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கரைக்கு வந்து ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பெட்ரோல் வாடை இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இத்தனைக்கும் சுருக்குவழி ஒன்று உண்டு. நண்பரிடம் சுத்தமான டாங்கும் குழாயும் இரவல் வாங்கி, புதுப் பெட்ரோல் கலந்து, அதே தூரம் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் உங்கள் எஞ்சினில் குறை இல்லை. கலவை 50:1 என்றால் 25 லிட்டருக்கு 500 மில்லி, படகின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 தர எண்ணெய். மோட்டார்சைக்கிள் எண்ணெய் வேண்டாம். பழைய டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாவில் எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். அப்படி என்றால் டாங்கைக் காலி செய்து கழுவி, 10 மைக்ரான் நீர்ப்பிரிப்பு ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: 60 குதிரைசக்தி, நான்கு ஸ்ட்ரோக். பத்து உபான் பக்கம் ஓட்டும்போது சூடு எச்சரிக்கை அலறுகிறது, வேகம் தானே குறைகிறது. தண்ணீர்ப் பம்ப்பின் இம்பெல்லர் (இறக்கைகள் உள்ள ரப்பர்ச் சக்கரம்) மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கவாட்டில் பீச்சும் தண்ணீரும் மெல்லியதாக வருகிறது.
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: கழற்றிய பழைய இம்பெல்லரில் எல்லா இறக்கைகளும் இருந்தனவா? பட்டறையில் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒடிந்த இறக்கைத் துண்டு மேலே போய்த் தண்ணீர்க் குழாயில் சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் எத்தனை இம்பெல்லர் போட்டாலும் சூடு தீராது.

அதற்கு முன் பீச்சும் துவாரத்தில் தடித்த நைலான் தூண்டில் கயிற்றை நுழைத்து ஆட்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். தண்ணீர் பலமாக வந்து, எச்சரிக்கையும் நின்றால் அடைப்பு அங்கேதான் இருந்தது. பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் இடையில் நீர் கலங்கல். வற்றும் நேரத்தில் ஆழமில்லாத இடத்தில் ஓட்டினால் சேறு நேராகப் பம்ப்புக்குள் போகிறது. புது இம்பெல்லர் போட்டவர் பம்ப்பின் உள்கிண்ணத்தையும் அடித்தகட்டையும் மாற்றினாரா? அவற்றில் நகத்தில் தட்டும் அளவு கோடு விழுந்திருந்தால் புது ரப்பரும் தண்ணீரைத் தள்ளாது. இன்னொன்று: கரையில் தண்ணீர் கொடுக்காமல் ‘சத்தம் கேட்க’ ஸ்டார்ட் செய்தால் சில விநாடிகளிலேயே இம்பெல்லர் கருகத் தொடங்கும்.

நியூட்ரலில் மட்டும் சூடேறி, வேகமெடுத்தால் தணிகிறது என்றால் பம்ப் தேய்மானம். வேகத்தில் மட்டும் சூடேறினால் தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம், அல்லது உள்வழியில் உப்பு படிந்திருக்கலாம். சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்: அதைக் கழற்றி, பானைத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதில் பொறித்திருக்கும் அளவை ஒட்டித் திறக்க வேண்டும். அதை எடுத்துவிட்டே ஓட்டலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் அலசுங்கள்.

கேள்வி: கியர் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வருகிறது. மாற்றியும் அப்படியே.
— வாசகர், தெலுக் பஹாங்

பதில்: தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். தண்டில் சுற்றிய தூண்டில் கயிறு, தண்ணீரைத் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்தச் சீல் வளையத்தை மாற்றி, வடிகால் திருகுகளின் வளையங்களையும் புதிதாகப் போடுங்கள். எண்ணெயைக் கீழ்த்துவாரம் வழியாக நிரப்ப வேண்டும்; மேல்துவாரத்தில் குமிழியில்லாமல் வழிந்ததும் முதலில் மேல்திருகு, பிறகு கீழ்த்திருகு.

கேள்வி: பேட்டரி புதிது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்யுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை ஸ்டார்ட்டரின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் உள்ள கேபிள், இணைப்பு, ரிலே இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. நெகட்டிவ் பக்கமும் அப்படியே, பேட்டரியிலிருந்து எஞ்சின் உடம்புக்கு அளக்கவும். இரண்டு பக்கமும் சரி, ஆனால் திருப்பும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குகிறது என்றால், புதிதானாலும் பேட்டரியைச் சோதிக்க எடுத்துப் போங்கள். கேபிள் மாற்றினால் டின் பூசிய செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண கார் கேபிள் உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும்.