கேள்வி - பதில்: முதலில் எந்த மாநிலம் என்று எழுதுங்கள்

உங்கள் சொந்தத் தகவலைக் காப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எந்த மாநிலத்திலிருந்து என்ற விவரமே இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் இதையே மறந்துவிடுகிறீர்கள். அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான தனியுரிமைச் சட்டம் கிடையாது. சுமார் 20 மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூஜெர்சியில் உங்களுக்கு இருக்கும் உரிமை, பாலம் தாண்டி பென்சில்வேனியாவில் இல்லை. மாநிலம் தெரியாமல் நான் சொல்லும் பதில் உங்களுக்குப் பயன்படாது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

*இரண்டு வருடமாக ஒரு போலீஸ் டிக்கெட்கூட வாங்கவில்லை. ஆனால் கார் இன்சூரன்ஸ் எகிறிவிட்டது. ஏஜென்ட்டைக் கேட்டால் "ரிப்போர்ட்டில் அப்படி வருகிறது" என்கிறார். என்ன ரிப்போர்ட்? (ப்ளேனோ, டெக்சஸ்)*

உங்கள் காரே எழுதிய ரிப்போர்ட்டாக இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஓட்டும் விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் போன்ற, மக்களின் தகவலைச் சேர்த்து விற்கும் தரவுத் தரகர்கள் கைக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தியில் வரும் ஒருவர் தன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். அதில் பயண விவரம் மட்டுமே 130 பக்கத்துக்கு மேல் இருந்தது. ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் காரை எடுத்த 640 தடவையும் அதில் வரிசையாக இருந்தன: எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது நின்றது, எத்தனை மைல், சட்டென்று பிரேக் போட்டது, வேகம் கூடியது. போன இடம் மட்டும்தான் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அந்த நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்.

உங்கள் கார் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் லெக்சிஸ்நெக்சிஸிடம் உங்கள் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். மத்திய அரசின் கடன் அறிக்கைச் சட்டப்படி அதை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் மறுத்து எழுதலாம். அப்புறம் கார் ஆப்பில் ஓட்டும் மதிப்பெண், பாதுகாப்பு மதிப்பெண் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். கேட்ட நாளில், தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதை இந்தப் பகுதியில் இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

*எச்-1பி விசாவில் இருக்கிறேன். கலிஃபோர்னியா தனியுரிமைச் சட்டம் எனக்கும் உண்டா? (சான் ஹோசே)*

உண்டு. அங்கே குடியிருந்தால் போதும். குடியுரிமையை அந்தச் சட்டம் கேட்பதே இல்லை.

*அப்படியானால் ஆறு மாதம் வந்து தங்கும் என் அம்மாவுக்கு? (அதே வாசகர்)*

தற்காலிகமாக வந்திருப்பவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் குடியிருப்பவர் ஆகமாட்டார். அம்மாவுக்கு இங்கே ஒரு சிம் வாங்கிக் கொடுத்ததும், கண்ட ஆப்புக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*ஒரு ஷாப்பிங் ஆப்பிடம் "என் தகவலை விற்காதே" என்று சொன்னேன். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. (ஃப்ரீமான்ட்)*

ஏன் அனுப்பினீர்கள்? விற்காதே என்று சொல்ல, நீங்கள் யார் என்று நிரூபிக்கவே வேண்டியதில்லை. அழிக்கச் சொல்லும்போதுதான் ஆளைச் சரிபார்ப்பார்கள். அதுவும் பெரும்பாலும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மின்னஞ்சல், போன் நம்பரை வைத்தே முடியும். தேவைக்கு மேல் விவரம் கேட்டதும் ஒரு காரணமாகச் சேர்ந்து, 2025-ல் ஹோண்டாவுக்கு கலிஃபோர்னியா தனியுரிமை முகமை 6 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது. அதே முகமையின் தளத்தில் புகார் கொடுங்கள். விற்காதே என்ற கோரிக்கைக்கு 15 வேலை நாள், அழிக்கும் கோரிக்கைக்கு 45 நாள் கெடு. பாஸ்போர்ட் நகலையும் அழித்துவிட்டதாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்ட தேதியின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா?

*நாங்கள் மளிகை வாங்கும் இந்தியக் கடையில் பில் போடும்போதெல்லாம் போன் நம்பர் கேட்கிறார்கள். சட்டப்படி அழிக்கச் சொல்லலாமா? (எடிசன், நியூஜெர்சி)*

சொல்லலாம். ஆனால் சட்டப்படி அல்ல. நியூஜெர்சி சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. குறைந்தது ஒரு லட்சம் பேருடைய தகவலைக் கையாளும் நிறுவனங்களைத்தான் அது கட்டுப்படுத்தும். தகவலை விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு வரம்பு 25,000 பேர். ஒற்றைக் கடை இதில் வராது. கல்லாவில் நின்றுகொண்டு "நம்பர் வேண்டாம், பில்லை மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்துக் கூச்சப்பட்டு நம்பரைச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

*என் தகவல் எல்லா இடத்திலும் இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்க ஒரே வழி சொல்லவும்.*

எந்த மாநிலம்?

*மைத்துனர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். வருகைப் பதிவுக்கு விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. இது சரியா? (அரோரா, இல்லினாய்)*

சரியில்லை. உங்கள் மைத்துனர் நல்ல மாநிலத்தில் இருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இல்லினாயில் 2008-லேயே விரல் ரேகை, முக வடிவம் போன்ற உயிரளவியல் தகவலுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். விரலை வைத்துக் கடையில் பணம் கட்டும் வசதி நடத்திய ஒரு கம்பெனி திவாலாகி, அதனிடம் இருந்த ரேகைகள் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் வந்த நேரம் அது. ரேகையோ முக வடிவமோ எடுக்கும் முன் எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எப்போது அழிப்பார்கள் என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும். மீறினால், பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் போகலாம். கவனக்குறைவு என்றால் 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000 டாலர் வரை. நஷ்டம் ஏற்பட்டதை நிரூபிக்கத் தேவையில்லை என்று 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் சீசன் பாஸுக்காகக் கட்டைவிரல் ரேகை எடுக்கப்பட்ட 14 வயதுப் பையனின் வழக்கு அது. வழக்குப் போட ஐந்து வருடம் அவகாசம் உண்டு. 2024-ல் சட்டத்தைத் திருத்தி, வைத்த ஒவ்வொரு தடவைக்கும் தனி இழப்பீடு என்பதை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டார்கள். உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. வங்கி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, கிடங்குக்கு இல்லை. வேலை வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் அவரைக் கூட்டிப் போங்கள்.

இப்போது இல்லினாய், டெக்சஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று ஃபேஸ்புக் தானாகவே கண்டுபிடித்துக் காட்டிய வசதி நினைவிருக்கும். இல்லினாயில் மக்களே வழக்குப் போட்டார்கள். 65 கோடி டாலரில் முடிந்தது. விண்ணப்பித்த சுமார் 16 லட்சம் பேருக்கு ஆளுக்கு 400 டாலரை ஒட்டி வீட்டுக்கே வந்தது. டெக்சஸிலும் 2009-லிருந்து இதே மாதிரி சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் அட்டர்னி ஜெனரலுக்கு மட்டும். முதல் வழக்கு 2022-ல்தான் வந்தது. பதின்மூன்று வருடம் அந்தச் சட்டம் அலமாரியில் கிடந்தது. 2024-ல் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டா 140 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, மாநில அரசுக்கு. யாருடைய முகத்தை அளந்தார்களோ அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது.

என் ஆதங்கம் இதுதான். உரிமைகளை வரிசையாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் "தனிநபர் வழக்குத் தொடர இச்சட்டம் இடம் தராது" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். வர்ஜீனியா 2021-ல் போட்ட சட்டம் அப்படித்தான். அதன் முதல் வரைவே ஆமஸான் தரப்பிலிருந்து வந்தது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அதற்குப் பின் வந்த மாநிலங்கள் பெரும்பாலும் அந்த வார்ப்பையே எடுத்துக்கொண்டன. அதோடு, மாட்டிக்கொண்டாலும் 30 நாளில் திருத்திக்கொண்டால் தண்டனை இல்லை என்ற சலுகை. டெக்சஸில் அது காலவரையின்றி இருக்கிறது. எபிக், பிர்க் என்ற இரண்டு நுகர்வோர் அமைப்புகள் 2024-ல் மாநிலச் சட்டங்களுக்கு மதிப்பெண் போட்டபோது ஏறக்குறைய பாதி ஃபெயில். ஒன்றுகூட ஏ வாங்கவில்லை.

வெர்மான்ட் 2024-ல் துணிந்து, சில வகை மீறல்களுக்காவது மக்கள் வழக்குப் போடலாம் என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஃபில் ஸ்காட் அதை வீட்டோ செய்தார். கீழவை வீட்டோவை முறியடித்தது. செனட்டில் வாக்குப் போதவில்லை, அத்தோடு போயிற்று. வாஷிங்டன் மாநிலம் மட்டும் 2023-ல் உடல்நலத் தகவலுக்காவது அந்த வழியைத் திறந்துவிட்டது. அரசு அலுவலகத்தில் ஆள் பலம் எவ்வளவு இருந்துவிடும்? ஒவ்வொரு கிடங்கின் ரேகைக் கருவியையும் போய்ப் பார்க்க அவர்களால் முடியுமா? உங்கள் மைத்துனரால் முடியும், தினமும் காலையில் அதில் விரலை வைப்பவர் அவர்தானே.

*தரவுத் தரகர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி அழிக்கச் சொல்லி அலுத்துவிட்டது. (சன்னிவேல்)*

இனி ஒவ்வொருவராக எழுத வேண்டாம். 2023-ல் வந்த டிலீட் சட்டத்தின்படி கலிஃபோர்னியா 2026 ஜனவரியில் டிராப் என்ற தளத்தைத் திறந்தது. ஒரே கோரிக்கை, பதிவு செய்த எல்லாத் தரகர்களுக்கும் போகும். அவர்கள் 2026 ஆகஸ்ட்டிலிருந்து 45 நாளுக்கு ஒரு முறை பட்டியலைப் பார்த்து அழித்தாக வேண்டும். தவறினால் ஒரு கோரிக்கைக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு இதையே செய்து தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பி உங்கள் பிறந்த தேதியைக் கொடுக்காதீர்கள். பதிவு செய்ததும் ஸ்கிரீன்ஷாட்.

*எச்சிலைக் குழாயில் துப்பி, மரபணுச் சோதனைக்காக 23அண்ட்மீக்கு அனுப்பினோம், குடும்பமாக. கம்பெனி திவால் என்கிறார்கள். (பெல்வியூ, வாஷிங்டன்)*

2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. சுமார் ஒன்றரைக் கோடி பேருடைய மரபணு விவரம் அதனிடம் இருந்தது. பிறகு அதன் நிறுவனர்களில் ஒருவர் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. கணக்கின் அமைப்புகளுக்குள் போய் முதலில் தகவலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கணக்கை அழியுங்கள். மாதிரியை அழிக்கவும், ஆராய்ச்சிக்குத் தந்த சம்மதத்தை விலக்கவும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் தகவலைக் காக்கும் மத்திய அரசுச் சட்டம் இப்படிப்பட்ட கம்பெனிகளைத் தொடாது. பலரும் தொடும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

*சோஷியல் செக்யூரிட்டி நம்பரைக் கடிதத்திலேயே எழுதி, "இது கசிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கும் அன்பருக்கு:*

உங்கள் கடிதத்தை உடனே அழித்துவிட்டேன். அந்த நம்பரை என்னிடம் மட்டுமல்ல, எந்தப் பத்திரிகைக்கும் எழுதாதீர்கள். உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி, மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் (ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன்) இன்றே கிரெடிட்டை உறைய வையுங்கள். இலவசம்தான். பத்து நிமிடத்தில் முடியும்.

*எங்கள் மாநிலத்தில் சட்டமே இல்லையே, நாங்கள் என்ன செய்வது? (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)*

2025-ல் வர்ஜீனியா வார்ப்பில் ஒரு மசோதா ஜார்ஜியா செனட்டைத் தாண்டியது. கீழவையில் அந்த ஆண்டு நிறைவேறவில்லை. பலவீனமான சட்டம் வருவதைவிட ஒரு வருடம் பொறுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு முறை வந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. உங்கள் மாநிலப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கிரீன் கார்டு, விசா எதுவானாலும் நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர், கூப்பிடலாம். இரண்டே கேள்வி கேளுங்கள். மசோதாவில் மக்கள் தாங்களே வழக்குப் போட இடம் உண்டா? மேரிலாந்தில் 2025 அக்டோபரிலிருந்து இருப்பது போல, கேட்ட சேவைக்குத் தேவையான தகவலை மட்டும்தான் எடுக்கலாம் என்ற வரி உண்டா? போனை எடுப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் உதவியாளராக இருப்பார். அவர் உங்கள் ஜிப் கோடைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். கூப்பிட்ட தேதியை நீங்களும் குறித்து வையுங்கள்.