தொட்டியில் ஈரம் இருக்கிறது, செடி மட்டும் ஏன் துவள்கிறது?

கேள்வி: ஊட்டியில் வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கு வைத்துத் தக்காளியும் குடைமிளகாயும் வளர்க்கிறேன். டிசம்பரிலிருந்து இலைகள் மஞ்சளாகி, நுனி கருகி, செடி துவண்டு நிற்கிறது. காலை மாலை தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்:

மருந்துக் கடைப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். காலை மாலை ஊற்றுவதாகச் சொல்கிறீர்கள், அதனால் கல் மாதிரி கனக்கும் என்று நினைக்கிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன், வேலைக்காகக் குன்னூர் வந்தவன். முதல் குளிர்காலத்தில் உங்களைப் போலவே பின்னறையில் பதினாலு தொட்டி வைத்தேன். செடி தலை தொங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "வாடுனா ஒரு சொம்பு தண்ணி ஊத்துடா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?" என்றார். அவர் சொன்னது மேட்டுப்பாளையம் வெயிலுக்குச் சரி. அங்கே காலையில் ஊற்றியது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே ஜன்னல் சாத்திய அறையில், சில்லென்ற சிமெண்டுத் தரையில், ஒரு வாரமானாலும் தொட்டியின் அடி காய்வதில்லை.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் திணறும். அதோடு குளிரும் சேர்கிறது. தக்காளி, குடைமிளகாய் இரண்டும் வெப்பப் பிரதேசத்துப் பயிர்கள். தொட்டி மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் தண்ணீரை இழுப்பது வெகுவாகக் குறைந்துவிடும். மேலே விளக்கு எரிகிறது, இலை ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, கீழிருந்து ஏறுவது போதவில்லை. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி துவள்கிறது. நாம் அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். அதுவும் ஜனவரிக் காலையில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பனித் தண்ணீரை!

ஒரு செடியைப் பலிகொடுக்கத் துணிந்து, தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடை வேறு அடிக்கும். இது வேரழுகல். மண்மேல் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் தத்திக்கொண்டிருந்தால், மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். அவற்றின் புழுக்கள் வேர்த்தூவிகளையும் தின்னும்.

வேர் வெள்ளையாகவே இருந்து செடி மட்டும் வாடினால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் நோயாக இருக்கலாம். வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தும்போது பால் போல இழை வழிந்தால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துவதுதான் வழி.

இனி இலைக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது, பாதிக்கப்பட்டது கீழ் இலையா, கொழுந்தா என்பதைத்தான். தழைச்சத்து, மெக்னீசியம் போன்றவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்தும், நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியமும் சந்தேகத்துக்குரியவை. சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் அப்படி நகராது. அவற்றின் குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும்.

ஆனால் வேர் வேலை செய்யாதபோது எல்லாக் குறையும் ஒன்றாகவே தெரியும், மண்ணில் எல்லாச் சத்தும் இருந்தாலும். நான் ஏமாந்தது இங்கேதான். மஞ்சளைப் பார்த்து 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலை நுனிகள் தீயில் காட்டிய மாதிரி கருகின, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது. உங்கள் இலை நுனி கருகியதும் உர உப்பாலா என்று உங்களுக்குத்தான் தெரியும், கேள்வியில் உரத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. விளக்குக்கு மிக அருகிலுள்ள இலைகள் மட்டும் வெளிறி, ஓரம் மேல்நோக்கி மடங்கியிருந்தால் விளக்கை ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள்.

ரூம் ஹீட்டர் போடுகிறீர்களா? அப்படியானால் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சூடான வறண்ட காற்று செம்பேனுக்குக் கொண்டாட்டம். இலைமேல் ஊசி குத்திய மாதிரி வெளிர்ப்புள்ளிகள் இருக்கும். வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டினால் தூசி விழும். அந்தத் தூசி நடந்தால் செம்பேன். (நம்மூர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம். விளக்கை அணைத்த பிறகு தெளியுங்கள்.

மண் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். நீலகிரி மண் பொதுவாகப் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், தக்காளிக்குப் பிடிக்காது. காய்கறி போடுகிறவர்கள் டோலமைட் தூவுவது அதற்காகத்தான், சுண்ணாம்பும் மெக்னீசியமும் சேர்ந்தே கிடைக்கும். உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உருளையைத் தாக்கும் நூற்புழு இந்த மாவட்டத்தில் 1961லேயே கண்டறியப்பட்டது. அது தக்காளி வேரிலும் பிழைக்கும்.

இன்றிலிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டிகளைத் தரையிலிருந்து எடுத்துப் பலகை மேலோ தெர்மாகோல் மேலோ வையுங்கள். அடியில் தட்டு இருந்தால் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் காலையில். ஒரு சின்ன மின்விசிறி காற்றை அசைத்துக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் சாம்பல் பூஞ்சை வந்து உட்காரும். வேர் பாதிக்குமேல் வெள்ளையாக இருக்கும் செடிகளின் அழுகலை வெட்டிவிட்டு, கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) பெர்லைட்டும் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் குருணை) கலந்த புதுக் கலவைக்கு மாற்றுங்கள். புது வேர் விடும்வரை உரம் வேண்டாம். முழுவதும் பழுப்பான செடிகளைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். டிரைக்கோடெர்மா என்ற, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை புதுக் கலவையில் சேர்க்க நல்லது, ஆனால் அழுகிய வேரை அது உயிர்ப்பிக்காது. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதனால் பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படாமல் கொழுந்தைக் கவனியுங்கள்.

என் பதினாலு தொட்டியில் தப்பியது மூன்று. அந்த மூன்றும் சேர்ந்து அந்த வருடம் கொடுத்தது நாலு குடைமிளகாய். அம்மாவுக்கு இரண்டு அனுப்பினேன், சந்தையிலேயே வாங்கியிருக்கலாம் என்றார்.