எந்த ஊரில் ஒருவர் நீங்கள்?

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் என்னை அக்கா என்று அழைத்து எழுதியிருப்பதால் நானும் தங்கை என்றே தொடங்குகிறேன். வட வேல்ஸில் பாலா என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், அங்குள்ளவர்கள் ஓயாமல் தங்கள் சிறுவயதுக் கதைகளையே சொல்கிறார்கள் என்றும், ‘நீ எந்த ஊர், உன் மனிதர்கள் யார்’ என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது உங்களை வேற்றாளாக ஒதுக்குவதுபோல் உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2001-இல் இதே வேலைக்கு இதே மலைப்பக்கம் வந்து, முதல் ஓராண்டை இதே உறுத்தலோடு கழித்தவள் நான்.

அந்தக் கேள்வி வேல்ஷ் மொழியில் ‘ஈன் ஓ ப்ளே தாக் கி?’ என்று வரும். ‘எந்த ஊரில் ஒருவர் நீங்கள்?’ என்பது அதன் நேர்ப்பொருள். பெருநகரத்துப் பேருந்தில் ஒருவர் நம்மிடம் ‘எங்கிருந்து வருகிறாய்’ என்று கேட்பதில் வேறு உள்நோக்கம் இருக்கக்கூடும். அதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கிராமங்களில் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மருமகளாக வந்தவரையும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். காரணம் அவர்களுடைய பெயர்களில் இருக்கிறது. முற்காலத்தில் வேல்ஷ் மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயருக்கு முன்னால் மகன் என்று பொருள்படும் ‘அப்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலேய நிர்வாகத்தின் கீழ் குடும்பப் பெயர் மெல்ல மெல்ல வழக்கமானபோது அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று, அப் ஹவெல் என்பது பவல் ஆயிற்று, பெரும்பாலோர் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்ற சில பெயர்களுக்குள் அடங்கிப்போனார்கள். (கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தின் முன் அப்பாவின் பெயரை எழுதுவதா ஊரை எழுதுவதா என்று திகைத்த நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.) ஒரே ஊரில் பத்து ஜோன்ஸ்கள் இருந்தால், பண்ணை வீட்டின் பெயரைக் கொண்டுதான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியும். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்: இறந்தவரின் பெயருக்குக் கீழே அவர் வாழ்ந்த வீட்டின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கும்.

நான் தொடக்கத்தில் ‘இந்தியா’ என்று பதில் சொல்லிவந்தேன். பேச்சு அத்துடன் நின்றுவிடும், ஏனென்றால் அவர்கள் கேட்டது நாட்டை அல்ல. ஒருநாள் சலிப்பில், ‘மேட்டூருக்குப் பக்கம், காவிரிக்கரை, அப்பா தறி நெய்தவர், அம்மாயி வீட்டில் இரண்டு எருமைகள்’ என்று சொன்னேன். தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எருமைகளுக்குப் பெயர் உண்டா என்று கேட்டார். நீங்களும் ஊரையும் வீட்டையும் தொழிலையும் சொல்லிப் பாருங்கள்.

இனி அவர்களுடைய கதைகள். அவற்றில் பாதி தேவாலயத்தைச் சுற்றியே வரும். அங்கே அதைச் சாப்பல் என்பார்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொரு குழந்தையும் எழுந்து நின்று வேதாகமத்திலிருந்து ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்த வசனத்துக்கு ‘அட்னாட்’ என்று பெயர். வாரம் முழுவதும் விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் ‘டியூ காரியட் இயூ’ என்று மூன்றே சொற்களில் முடித்துக்கொள்வார்கள். ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று பொருள். எண்பது வயது முதியவர் அதைச் சொல்லிவிட்டுக் கண்சிமிட்டினால், அது பக்தி அல்ல, பழைய குறும்பு என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாலாவுக்கே உரிய கதை ஒன்றும் உண்டு. 1800-இல் மேரி ஜோன்ஸ் என்ற நெசவாளியின் மகள், பதினைந்து வயதில், சேமித்த காசுடன் மலைகளைக் கடந்து சுமார் 25 மைல் வெறுங்காலுடன் நடந்து, பாலாவிலிருந்த தாமஸ் சார்லஸ் என்ற போதகரிடம் வேல்ஷ் வேதாகமம் வாங்க வந்தாள். உங்கள் இல்லத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் ஒருவரேனும் இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உறவுச் சொற்களையும் அறிந்துகொள்ளுங்கள். வடக்கில் பாட்டி ‘நைன்’, தாத்தா ‘தைட்’; தெற்கில் ‘மம்கி’, ‘தட்கி’. நைன் என்றதும் எனக்கு நம் பக்கத்து நைனா நினைவுக்கு வந்து, ஒருவர் தம் தந்தையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒரு கதையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பாலாவுக்கு வடமேற்கே சாலையோரம் அழகான ஏரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் காப்பெல் கெலின் என்ற கிராமம் இருந்தது. இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவெரின் ஆற்றை மறித்து அணை கட்ட 1957-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு கிராமத்தார் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனதும் பயனளிக்கவில்லை. பள்ளி, அஞ்சலகம், சாப்பல், கல்லறைத் தோட்டம், 12 வீடுகளும் பண்ணைகளும் 1965-இல் நீருக்குள் போயின. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். சில குடும்பங்கள் தம் முன்னோரின் உடல்களை வேறிடத்துக்கு மாற்றின. எஞ்சியவற்றின் மேல் கான்கிரீட் போடப்பட்டது. லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2005-இல்தான். அந்த ஊர்வலத்தில் பத்து வயதில் நடந்த ஒருவர் இன்று எண்பதை ஒட்டியிருப்பார் என்று கணக்கிட்டுப் பாருங்கள்; உங்கள் இல்லத்தில் அப்படி ஒருவர் இருந்தால் வியப்பில்லை. ‘ஏரி அழகாக இருக்கிறது’ என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நான் என் இல்லத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாட்கள் என்னுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே போய், என் அம்மாயி பிறந்த ஊரும் 1934-இல் மேட்டூர் அணை நீரில் மூழ்கியதையும், நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதையும், அம்மாயி அவற்றைப் பார்க்கப் போக மறுத்துவிட்டதையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: ‘அணைக்கு யார் பெயர் வைத்தார்கள்?’ ஸ்டான்லி என்ற ஆங்கிலேய ஆளுநரின் பெயர் என்றேன். அதன் பிறகு நாங்கள் நண்பர்களானோம்.

வேல்ஷ் மொழியைக் கற்றுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள்தான். ஆனால் நினைவு மங்கும் நோய் வந்தவர்களிடம் பிற்பாடு கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுபோய், தாய்மொழி மட்டும் எஞ்சுவது உண்டு. வந்த புதிதில் ஒரு மூதாட்டி ‘டூர், டூர்’ என்று கேட்டுக்கொண்டே இருக்க, ஆங்கிலத்தில் கதவைச் சொல்கிறார் என்று எண்ணி நான் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தேன். அவர் கேட்டது தண்ணீர். ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், வலி, குளிர், வீடு என்பவற்றிலிருந்து தொடங்குங்கள்.

மகளின் பள்ளியில் பாடம் வேல்ஷில் நடக்கிறதே என்று வீணாகக் கவலைப்பட வேண்டாம். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் 17.8 விழுக்காட்டினரே வேல்ஷ் பேசினாலும், உங்கள் க்வினெத் மாவட்டத்தில் 64.4 விழுக்காட்டினர் பேசுகிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழியை ஊட்டுவதற்கென்றே தனி மையங்கள் அங்கே இருக்கின்றன. ஓராண்டில் அவள் உங்களைத் திருத்துவாள்.

கடைசியாக ஒரு வழி. பிரிட்டனின் அரசு நிலப்பட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் பெரிய அளவு நடைபாதை வரைபடத்தில் பாலாவைச் சுற்றியுள்ள பண்ணைகள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை வாங்கிப் பகலுணவுக்குப் பிறகு மேசையில் விரித்துவைத்து, அவரவர் பிறந்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காப்பெல் கெலின்காரர் யாரேனும் இருந்தால், பார்க்க விருப்பமா என்று முதலில் கேட்டுவிட்டு, அதில் அந்தப் பள்ளத்தாக்கைத் திறந்து காட்டுங்கள். பள்ளியும் சாப்பலும் அங்கே இருக்கும். ஆறு ஆறாகவே ஓடிக்கொண்டிருக்கும்.