எத்தனை நாட்டை வென்றால் சக்கரவர்த்தி?

கேள்வி: திருகோணமலை போன்ற ஒரு துறைமுக நகரை வைத்துக் கற்பனை நாவல் எழுதுகிறேன். அதன் அரசன் நான்கு நாடுகளை வெல்கிறான். எந்த இடத்திலிருந்து அவனைச் சக்கரவர்த்தி என்று எழுதலாம்? – வாசகி, நிலாவெளி

பதில்: எண்ணிக்கையை விடுங்கள். யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களுக்கு ஆரியச்சக்கரவர்த்தி என்று பெயர். சோழரோடு ஒப்பிட்டால் அவர்கள் நிலம் சிறியது. விக்டோரியாவோ சொந்த நாட்டில் கடைசிவரை அரசிதான், 1876இல் இந்தியாவுக்குத்தான் பேரரசி ஆனார். பட்டம் என்பது ஓர் உரிமை கோரல். அதை உங்கள் அரசன் எங்கிருந்து எடுக்கிறான், யார் ஏற்கிறார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

கி.மு. 221இல் சின் நாட்டு அரசன் மற்ற ஆறு சீன நாடுகளையும் அடக்கியபின், அரசன் என்ற பழைய சொல் போதாதென்று புதுப் பட்டமே உண்டாக்கினான். ஐரோப்பாவில் பிராங்குகளின் அரசர் சார்லமேன் கி.பி. 800இல் போப்பின் கையால் முடிசூடி, பழைய ரோமின் பெயரை எடுத்துக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது நம் பக்கத்துக் கதை. பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன், தன் மணிமுடியை ஈழத்து அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். மதுரை சோழர் கையில். முடி மட்டும் இல்லை. பராந்தகன் கேட்டும் கிடைக்கவில்லை. தலைமுறைகள் கழித்து முதலாம் இராஜேந்திரன்தான் அதைக் கைப்பற்றினான். கல்வெட்டில் தன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியிலும் மறக்காமல் சொல்லிக்கொண்டான். நிலம் எப்போதோ வந்துவிட்டது, ஆனாலும் அந்த முடி தேவைப்பட்டது. இப்படி ஒரு பொருளை உங்கள் அரசனுக்கும் கொடுங்கள்.

அப்புறம், ஊர்ச்சனங்களுக்குப் பேரரசு எப்படித் தெரியவரும்? திருகோணமலைப் பக்கம் பெரியகுளத்தில் இருக்கும் பழைய பௌத்தப் பள்ளியான வெல்கம் விகாரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அது இராஜராஜப் பெரும்பள்ளி. புத்தர் அங்கேயே இருந்தார், தானங்களும் வந்தன. பள்ளியின் பெயரில் அரசன் ஏறிக்கொண்டான். நாவலில் குளம், சந்தை, கோயில் என்று இப்படிப் பெயர் மாறட்டும்.

தோற்ற நால்வரில் ஒருவனையாவது அரியணையிலேயே விட்டுவையுங்கள். அரசர்கள் திறை கட்டினால்தான் அவன் அரசர்க்கரசன். எல்லோரையும் கொன்றுவிட்டால் பெரிய நாட்டு அரசன், அவ்வளவுதான். சக்கரவர்த்தி என்ற சொல் முதன்முதலாக, திறையோடு வரும் அந்தத் தோற்றவனின் ஓலையில் வரட்டும். அதுவரை நீங்களும் அரசன் என்றே எழுதுங்கள்.