1938-இல் ஷாங்காயிலிருந்து நான்ஜிங்குக்குக் கப்பல்: உங்கள் கதைக்கு ஒரு பதில்

உங்கள் நாயகன் 1938 மார்ச்சில் ஷாங்காயில் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் ஏறி நான்ஜிங் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. சாதாரணப் பயணியாக, சீட்டு வாங்கிக்கொண்டு, நிச்சயம் முடியாது.

ஜப்பான் சீனாவோடு சண்டையிட்டாலும் முறைப்படி போர் அறிவிக்கவே இல்லை. அதனால் 1937 ஆகஸ்டில் அறிவித்த கடற்கரை முற்றுகை சீனக் கப்பல்களுக்கு மட்டும்தான். வேற்று நாட்டுக் கப்பல்களைச் சட்டப்படி தடுக்க வழியில்லை. ஆனால் ஷாங்காயிலிருந்து நான்ஜிங் போகும் வழியான யாங்சி ஆற்றில் கதை வேறு. இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள ஜியாங்யினில் சீனர்களே பழைய கப்பல்களை மூழ்கடித்து ஆற்றை அடைத்திருந்தார்கள். 1937 டிசம்பரில் நான்ஜிங் ஜப்பானியர் வசம் விழுந்த பிறகும் கண்ணிவெடி, ராணுவத் தேவை என்று காரணம் சொல்லி ஜப்பானியர்கள் வெளிநாட்டு வணிகக் கப்பல்களை ஆற்றில் மேற்கொண்டு போக விடவில்லை. ஜார்டின், ஸ்வயர் போன்ற பழைய பிரிட்டிஷ் கப்பல், வணிக நிறுவனங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஜப்பானியக் கப்பல்களோ சரக்கு ஏற்றிப் போய்வந்தன! இந்த எரிச்சல் உங்கள் கதைக்கு நல்ல தீனி.

1938 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் ஜப்பானுக்கு எதிர்ப்புக் குறிப்பு அனுப்பின. பலனில்லை. 1939 டிசம்பரில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் நொமுரா, இரண்டு மாதத்தில் நான்ஜிங் வரை ஆற்றைத் திறப்போம் என்றார், அதுவும் நடக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கப்பல்தான் வேண்டுமென்றால் ஷாங்காய்-ஹாங்காங் கடல்வழிக்கு மாற்றுங்கள். அதில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஓடின. நான்ஜிங்தான் முக்கியம் என்றால், ஜப்பானிய ராணுவத்திடம் அனுமதிச்சீட்டுக்கு அலையும் ஓர் அத்தியாயம் எழுதுங்கள்.